“கருவிலேயே தொடங்கியது” என்று டாக்டர் சொன்னால் அது அம்மா மேல் பழியா? (குழந்தைகளுக்கு வரும் மூளை, நரம்புக் கட்டிகள்)

சிரியம் தாய்மாமன் | திங்கள் இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் ரங்கூன் பக்கத்துச் சிரியத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கை மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வாந்தி எடுத்துவிட்டால் தெளிந்து பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதனால் வயிற்றுக் கோளாறு என்றே நினைத்தோம். பூச்சி மருந்து கொடுத்தோம். ஒரு கிளினிக்கில் அல்சர் என்று மாத்திரை எழுதினார்கள்.

தங்கச்சி தினமும் காலையில் அவளுக்குக் கன்னத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசி அனுப்புவாள். ஒரு நாள் எங்கள் அம்மா பார்த்துவிட்டு, “ஏன்டி இப்படிக் கோணலா பூசியிருக்கே” என்று கேட்டார். தனக்கா நேராகத்தான் இருந்தது. பிள்ளைதான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தாள். அப்புறம் கவனித்துப் பார்த்தால் படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறாள். மறுநாளே ரங்கூனுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். சிறுமூளைப் பக்கம் கட்டி. மெடுல்லோபிளாஸ்டோமா என்கிற புற்றுக்கட்டியாக இருக்கலாம் என்கிறார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன்.

டாக்டர் எங்களைத் தேற்றத்தான் சொன்னார்: “இது கரு வளரும்போதே தொடங்குகிற வகை, நீங்கள் இப்போது கவனிக்காமல் விட்டதால் வந்தது இல்லை” என்று. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். தங்கச்சியின் மாமியார் வீட்டில் கிரகணத்தன்று வெளியே போனாளாம், மூணாம் மாசம் பப்பாளி தின்றாளாம், நப்பி (மீன் விழுது) இல்லாமல் சோறு இறங்கவில்லையாம் என்று கணக்கெடுக்கிறார்கள். நேற்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நான் என்ன செஞ்சேன்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கருவில் தொடங்கியது என்றால் என்ன? ஒன்பது வயதில் தெரிந்த கட்டி எப்படிக் கருவில் தொடங்கியிருக்கும்? அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவனுக்கும் வருமா?

மோல்மேன் பெரியவர் | திங்கள் இரவு 11.05

தம்பி, பிள்ளை நல்லபடியாக வரட்டும். பீலிக்கான் முனீஸ்வரனுக்கு இப்போதே வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். கரு இருந்தது தாயின் வயிற்றில். அங்கே தொடங்கியது என்றால் தாய் தின்றதும் பார்த்ததும் பட்டதும்தானே காரணமாக இருக்க முடியும்? எங்கள் காலத்தில் கிரகணம் என்றால் கர்ப்பிணியை அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்துவார்கள். பெரியவர்கள் காரணம் இல்லாமலா செய்தார்கள்? பழி போடுவதற்குச் சொல்லவில்லை. அடுத்த பிள்ளைக்காவது கவனமாக இருக்கலாமே என்றுதான்.

லேப் சயாமா | செவ்வாய் காலை 6.15

தாய்மாமன் அண்ணனுக்கு: நான் டாக்டர் இல்லை. பதாலஜி லேபில் பல வருஷமாக ஸ்லைடு வெட்டிச் சாயம் ஏற்றுகிறவள். பிள்ளைகளின் கட்டி எத்தனையோ என் கையால் போயிருக்கிறது. தங்கச்சியிடம் இதை இன்றைக்கே படித்துக் காட்டுங்கள், அதற்காகத்தான் டியூட்டிக்குப் போகும் முன் எழுதுகிறேன்.

என் அம்மா சுருட்டு சுற்றியவர். இலையைத் தட்டையாக விரித்து இரண்டு ஓரத்தையும் மேலே எடுத்துக் குழலாக மூடுவார். கருவில் மூளையும் முதுகுத்தண்டும் உருவாவதும் அப்படித்தான். முதலில் முதுகுப் பக்கம் தட்டையாக ஒரு தகடு. அதன் இரு ஓரமும் எழும்பி, ஒன்றையொன்று தொட்டு, குழலாக மூடிக்கொள்கிறது. தலைப்பக்க வாய் கரு உண்டாகி 25 நாள் வாக்கில் மூடும், கால்பக்க வாய் 28 நாள் வாக்கில். கணக்குப் பாருங்கள், மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பாதிப் பெண்களுக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். அதற்குள் மூளைக்கு அடித்தளம் போட்டு முடிந்துவிடுகிறது.

குழல் மூடியதும் அதன் சுவரில் இருக்கும் செல்கள் பெருக ஆரம்பிக்கின்றன. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் என்று 2009-இல் எண்ணிச் சொன்னார்கள். அதில் ஏறக்குறைய 6,900 கோடி சிறுமூளையில் மட்டும். பின்னந்தலையில் அடங்கியிருக்கும் அந்தச் சின்ன இடத்தில்! அத்தனையையும் உண்டாக்க சிறுமூளைக்கு வெளிப்புறத்தில் தனியாக ஒரு நாற்றங்கால் இருக்கிறது. அங்கே செல்கள் பெருகி, பிறகு ஒவ்வொன்றாக உள்ளே இறங்கித் தன் இடத்தில் ஊன்றி, பெருகுவதை நிறுத்தி, வேலை செய்யத் தொடங்கும். இந்த நாற்றங்கால் பிள்ளை பிறந்து ஒரு வருஷம் வரைக்கும்கூட இயங்குகிறது. பிறகு காலியாகிவிடும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். கோடி கோடியாகப் பெருகும்போது ஒவ்வொரு முறையும் மரபணுவைப் படி எடுக்க வேண்டும். எங்கோ ஒரு செல்லில் ஓர் எழுத்து தவறிப்போகிறது. அந்த எழுத்து “போதும், நிறுத்து” என்று சொல்கிற இடத்தில் விழுந்துவிட்டால் அந்தச் செல் நாற்றாகவே நின்றுவிடும், முதிராது. பெருகிக்கொண்டே இருக்கும். அதுதான் கட்டி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். முதிர்ந்த நரம்பு செல்லுக்கு உடம்பு உண்டு, கிளை உண்டு. இந்தக் கட்டியில் அதெல்லாம் இருக்காது. செல்லின் நடுவே மரபணு இருக்கிற நியூக்ளியஸ் மட்டும் பெரிதாக, நீலச் சாயம் ஏறி, கடுகைக் கொட்டி வைத்த மாதிரி நெருக்கமாக இருக்கும். கருவின் மூளையில் பார்க்கிற அதே முகம். “கருவில் தொடங்கியது” என்று டாக்டர் சொன்னது இந்த அர்த்தத்தில். கரு காலத்துச் செல் தன் கரு காலத்துப் பழக்கத்தை விடாமல் நிற்கிறது.

பெரியவர் ஐயாவுக்கு: நீங்கள் அக்கறையோடு கேட்டது புரிகிறது. ஆனால் தாய் தின்ற பப்பாளி அந்த எழுத்தைத் தொடாது. கிரகணம் தொடாது. நப்பியும் தொடாது. அந்தப் படியெடுப்புக் குழந்தையின் செல்லுக்குள் நடக்கிற வேலை. தாய் இடம் கொடுத்தாள், சோறு கொடுத்தாள். எழுத்துப் பிழைக்கு அவள் பொறுப்பாளி இல்லை.

பெகு அம்மா | செவ்வாய் காலை 9.30

சயாமா எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். என் கதையையும் சொல்கிறேன், அந்தத் தங்கச்சிக்கு உதவும்.

என் மகனுக்கு நாலு மாதத்தில் வயிறு வீங்கியது. ஈரல் பெரிதாகி, தோலில் அங்கங்கே நீலமாகக் கட்டி கட்டியாக இருந்தது. குளிப்பாட்டும்போது கையில் கோலிக்குண்டு மாதிரி உருளும். நியூரோபிளாஸ்டோமா என்றார்கள். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் தொடங்கி ஈரலுக்கும் தோலுக்கும் பரவிவிட்டதாம். பரவிவிட்டது என்றதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் டாக்டர், “பொறுங்கம்மா, ஒரு வயதுக்குள் இந்த மாதிரிப் பரவியது சில சமயம் தானாகவே போகும், மருந்து கொடுக்காமல் பார்ப்போம்” என்றார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. வாரா வாரம் ஸ்கேனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எட்டு மாதத்தில் ஈரல் சுருங்க ஆரம்பித்தது. ஒன்றரை வயதில் தோலில் ஒன்றுமே இல்லை. இப்போது அவனுக்குப் பதினொன்று. நேற்று சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தான்.

என் கேள்வி: சிறுநீரகத்துக்கு மேலே இருந்ததை ஏன் நரம்புக் கட்டி என்கிறார்கள்? தானாகப் போனது எப்படி? அன்றைக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

லேப் சயாமா | செவ்வாய் இரவு 8.50

பெகு அக்கா, இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சுருட்டு இலையின் ஓரம் என்று சொன்னேன் அல்லவா? குழல் மூடும்போது அந்த ஓரங்களில் இருந்த செல்கள் குழலுக்குள்ளும் போகாமல் தோலோடும் சேராமல் நடுவில் தனித்து நிற்கின்றன. 1868-இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் கோழிக்கருவில் முதலில் இவற்றைப் பார்த்தார். நரம்பு முகடு என்று பெயர். இந்தச் செல்கள் ஓரிடத்தில் நிற்காது. நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது போல உடம்பெங்கும் நடந்து போய்க் குடியேறும். முதுகுத்தண்டின் இருபுறமும் உள்ள நரம்பு முடிச்சுகள், நரம்புக்கு உறை போடும் செல்கள், தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள், முகத்து எலும்பில் ஒரு பங்கு, அப்புறம் அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி, எல்லாம் இந்த ஒரே கூட்டத்தின் பிள்ளைகள்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பிரான்சில் நிக்கோல் லெ துவாரென் என்ற அம்மையார் 1969-இல் ஒன்றைக் கவனித்தார். காடையின் செல்லுக்கும் கோழியின் செல்லுக்கும் நியூக்ளியஸ் வித்தியாசமாகச் சாயம் ஏறும். காடைக் கருவிலிருந்து முகட்டுச் செல்லை எடுத்துக் கோழிக்கருவில் ஒட்டினால், பிறகு அவை எங்கே போயிருக்கின்றன என்று ஸ்லைடில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிடலாம். அப்படிப் பிறந்த கோழிக்குஞ்சின் வெள்ளை இறகுக்கு நடுவே காடை நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். சாயம் ஏற்றிப் பிழைக்கிற எனக்கு இந்தக் கதை சோறு மாதிரி.

ஆக உங்கள் மகனின் கட்டி அட்ரினலில் இருந்தாலும் பிறந்த வீடு நரம்பு. 1910-இல் ஜேம்ஸ் ஹோமர் ரைட் அதைக் கண்டுதான் நியூரோபிளாஸ்டோமா என்று பெயர் வைத்தார். ஸ்லைடில் செல்கள் வட்டமாகக் கூடி நடுவில் நூல் நூலாக விட்டிருக்கும். கோலத்தில் ஒரு புள்ளியைச் சுற்றிப் பூ போடுவோமே, அப்படி. அந்த வட்டத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

தானாகப் போனதற்கு வருகிறேன். 1963-இல் பெக்வித், பெரின் என்ற இரண்டு பேர், வேறு காரணத்தால் இறந்த சிசுக்களின் அட்ரினலை வெட்டிப் பார்த்தார்கள். 200, 250 பேரில் ஒருவருக்கு நியூரோபிளாஸ்டோமா போலவே ஒரு சின்ன முடிச்சு இருந்தது. ஆனால் இந்த நோய் வருவது பல ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அப்படியானால் மற்ற முடிச்செல்லாம் எங்கே போயின? 1974-இல் இன்னும் சின்னக் கருக்களில் பார்த்தபோது எல்லாக் கருவிலும் அந்த முடிச்சு இருந்தது! நாலைந்து மாதக் கருவில் அது இயல்பு. எனக்கும் உங்களுக்கும் இருந்தது. பிறகு முதிர்ந்து சுரப்பியாகிவிடும், அல்லது கரைந்துவிடும். உங்கள் மகனின் செல்கள் அதையே தாமதமாகச் செய்தன.

வியாசர்பாடி அக்கா | செவ்வாய் இரவு 9.40

என் தாத்தா பாட்டி மோல்மேனிலிருந்து வந்தவர்கள், அதனால் இந்தக் குழுவை விடாமல் படிப்பேன். சயாமா, தானாகப் போகும் என்று எழுதுவது எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது படித்துவிட்டு வைத்தியம் பார்க்காமல் இருந்துவிட்டால்?

லேப் சயாமா | செவ்வாய் இரவு 10.10

நியாயமான பயம், அக்கா. அழுத்திச் சொல்கிறேன். தானாகக் கரைவது ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில், அதுவும் குறிப்பிட்ட சில வகையில் மட்டும். கட்டியில் எம்-ஒய்-சி-என் என்கிற மரபணு பல படிகளாகப் பெருகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெருகியிருந்தால் அது மூர்க்கமான கட்டி, காத்திருக்கவே கூடாது. ஒன்றரை வயதுக்கு மேல் உடம்பெங்கும் பரவி வந்தால் கீமோ, ஆபரேஷன், கதிர்வீச்சு, ஸ்டெம்செல் எல்லாம் தேவைப்படும். கண்ணைச் சுற்றி அடிபட்ட மாதிரிக் கறுத்தால், எலும்பு வலி என்று பிள்ளை நடக்க மறுத்தால் உடனே காட்ட வேண்டும். காத்திருக்கலாமா என்பதை டாக்டர் மட்டுமே சொல்லலாம்.

இதில் ஜப்பானுக்கு ஓர் அனுபவம் உண்டு. 1980-களில் நாடு முழுக்க ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து இந்தக் கட்டியை முன்கூட்டியே தேடினார்கள். நிறையக் கண்டுபிடித்தார்கள், வைத்தியமும் செய்தார்கள். ஆனால் 2002-இல் ஜெர்மனியிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகள் வெளிவந்தபோது இப்படித் தேடுவதால் சாவு குறையவில்லை என்று தெரிந்தது. தேடிப் பிடித்ததில் பல தானாகப் போயிருக்கக்கூடியவை. மூர்க்கமானவை ஆறு மாதச் சோதனைக்குப் பிறகுதான் தலைகாட்டின. 2004-இல் ஜப்பான் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. ஒரே பெயர், ஆனால் உள்ளே இரண்டு வேறு நோய்.

மோல்மேன் பெரியவர் | புதன் காலை 7.00

சயாமா, இரண்டு தடவை படித்தேன். பப்பாளி விஷயத்தில் நான் சொன்னது தவறு என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தம்பி கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஒன்பது வருஷம் அந்தச் செல் என்ன செய்துகொண்டிருந்தது?

லேப் சயாமா | புதன் மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், ஐயா.

ஒரு பிழை போதாது என்பதுதான் முதல் பதில். ஒரு செல் முழுக் கட்டியாக மாற பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் சேர வேண்டும். முதல் பிழை கருவில் விழுந்திருக்கலாம், அடுத்தது வருஷங்கள் கழித்து விழலாம். எந்த டாக்டரும் தேதி குறித்துத் தரமாட்டார்.

1877-இல் யூலியஸ் கோன்ஹைம் என்ற ஜெர்மன் மருத்துவர் எல்லாக் கட்டியுமே கரு காலத்தில் மிஞ்சிப்போன செல்லிலிருந்து வருகிறது என்றார். பெரியவர்களின் புற்றுக்கு அது பொருந்தவில்லை. புகையிலையும் வெயிலும் வயதும் வேறு கதை. ஆனால் குழந்தைகள் விஷயத்தில் அவர் சொன்னதில் பெரும்பங்கு நின்றுவிட்டது. 1950-களில் கோலின்ஸ் என்பவர் ஒரு கணக்கே போட்டார்: கட்டி கண்டுபிடித்தபோது பிள்ளையின் வயது எவ்வளவோ, அதோடு ஒன்பது மாதம் கூட்டு. வைத்தியம் முடிந்து அத்தனை காலம் திரும்ப வராமல் இருந்தால் இனி வராது என்று. அந்த ஒன்பது மாதம் கர்ப்ப காலம்தான். கட்டி கருவிலிருந்தே வளர்ந்திருக்கும் என்று எண்ணிப் போட்ட கணக்கு. விதிவிலக்குகள் நிறைய இருப்பதால் அதை நம்பி இப்போது யாரும் செக்கப்பை நிறுத்துவதில்லை.

இரண்டாவது, மெடுல்லோபிளாஸ்டோமா என்பது ஒரே கட்டி இல்லை. பெய்லியும் குஷிங்கும் 1925-இல் அந்தப் பெயரை வைத்தபோது மெடுல்லோபிளாஸ்ட் என்று ஒரு கருச்செல் இருப்பதாக நினைத்தார்கள். அப்படி ஒரு செல்லை இன்றுவரை யாரும் கண்டதில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. 2012-இல் உலகத்து நிபுணர்கள் கூடி இதை நான்காகப் பிரித்தார்கள்: வின்ட், சோனிக் ஹெட்ஜ்ஹாக், குரூப் 3, குரூப் 4. நான் சொன்ன நாற்றங்கால் கதை இரண்டாவது வகைக்கு. கைக்குழந்தைகளிலும் பெரியவர்களிலும் அதிகம் வருவது அது. குரூப் 3, 4 ராம்பிக் லிப் என்ற விளிம்பிலிருந்து வருகின்றன என்று 2022-இல் மனிதக் கருவை வைத்தே காட்டினார்கள். நான்காம் மூளையறையின் ஓரத்தில் உதடு மாதிரி இருக்கிற இடம் அது. வின்ட் வகை மட்டும் சிறுமூளையிலேயே பிறப்பதில்லை. மூளைத்தண்டின் பின்புறத்தில், அதே விளிம்பின் கீழ்ப்பாகத்தில் பிறந்து மேலே எட்டிப் பார்க்கிறது. 2010-இல் எலிகளில் கண்டுபிடித்தார்கள்.

தாய்மாமன் அண்ணே, முக்கியமாக ஒன்று. ஆபரேஷன் முடிந்ததும் கட்டியை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டையாக வைப்பார்கள். அந்த மெழுகுக் கட்டை உங்கள் பிள்ளையின் சொத்து. பத்திரமாக வாங்கி வையுங்கள். எந்த வகை என்று சொல்லும் சோதனைக்கு அதுதான் வேண்டும்.

இன்சின் தம்பி | புதன் இரவு 9.15

எல்லோரும் அம்மா மேல் தவறில்லை என்று எழுதுகிறீர்கள். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பரம்பரை என்பதே கிடையாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

என் மனைவிக்குச் சின்ன வயதில் இரண்டு கண்ணிலும் ரெட்டினோபிளாஸ்டோமா என்கிற விழித்திரைக் கட்டி. ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். விழித்திரை மூளையிலிருந்து முளைத்து வெளியே வந்த பகுதி என்று டாக்டர் அப்போது படம் போட்டுக் காட்டினாராம். இரண்டு கண்ணிலும் வந்தால் அந்தப் பிழை உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைக்குப் போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1971-இல் நட்சன் என்பவர் போட்ட கணக்கு: கட்டி வர இரண்டு அடி விழ வேண்டும், பரம்பரைக்காரருக்கு முதல் அடி பிறக்கும்போதே விழுந்திருக்கிறது. அந்த மரபணுவையும் 1986-இல் பிடித்துவிட்டார்கள்.

இது தெரிந்ததால்தான் எங்கள் மகன் பிறந்த முதல் மாதத்திலேயே கண்ணைச் சோதித்தோம். மூன்றாம் மாதத்தில் கடுகளவு ஒரு புள்ளி. லேசரில் சுட்டார்கள். இன்று இரண்டு கண்ணிலும் நன்றாகப் பார்க்கிறான். என் மனைவி ஒரு காலத்தில் “நான் கொடுத்தது” என்று அழுவாள். இப்போது, “எனக்கு இருந்ததால்தானே இவனுக்குச் சீக்கிரம் தெரிஞ்சது” என்கிறாள். போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பிள்ளையின் கண்மணி சிவப்பாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

லேப் சயாமா | புதன் இரவு 9.50

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நியூரோபிளாஸ்டோமாவிலும் நூறில் ஒன்றிரண்டு குடும்பத்தில் ஓடும். அதில் பலவற்றுக்குக் காரணமான ஏ.எல்.கே. மரபணுவை 2008-இல் கண்டார்கள். பரம்பரை இருக்கிறதா என்று கேட்பது வேறு, யார் குற்றம் என்று கேட்பது வேறு. முதல் கேள்வி பிள்ளையைக் காப்பாற்றும்.

சிரியம் தாய்மாமன் | ஞாயிறு இரவு 11.30

கரண்ட் இப்போதுதான் வந்தது. ஆபரேஷன் முடிந்தது, கட்டியை முழுக்க எடுத்துவிட்டோம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை கண் விழித்து “மாமா” என்றாள். சனிக்கிழமையிலிருந்து பேசவே இல்லை. கண் திறந்திருக்கிறது, எங்களைப் பார்க்கிறாள், சத்தம் வரவில்லை. கையைத் தூக்கினால் தொய்ந்து விழுகிறது. மாமியார் வீட்டில் இப்போது திருஷ்டி என்கிறார்கள். சித்தப்பா ஒருத்தர் ஆபரேஷனில் தப்பு நடந்திருக்கிறது என்று சண்டைக்குப் போகிறார். எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

வியாசர்பாடி அக்கா | ஞாயிறு இரவு 11.45

தம்பி, இது எனக்குத் தெரியும். என் அண்ணன் பையனுக்கு நடந்தது. சிறுமூளை நடுவில் ஆபரேஷன் செய்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இப்படி ஆகும். ஓரிரு நாள் பேசிவிட்டு அப்புறம் பேச்சு நின்றுவிடும். சிறுமூளை மௌனம் என்பார்கள். வாரக்கணக்கில் இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். அப்புறம் பேச்சு திரும்பும், முதலில் இழுத்து இழுத்து வரும். அவளுக்குக் காது கேட்கிறது, நீங்கள் சொல்வது எல்லாம் புரிகிறது. அதனால் அவள் எதிரே சண்டை போட வேண்டாம், பழி பேச வேண்டாம். கதை சொல்லுங்கள்.

மோல்மேன் பெரியவர் | திங்கள் காலை 5.30

தம்பி, தங்கச்சியின் மாமியாரிடம் நான் பேசட்டுமா? என்னைப் போன்ற கிழவன் சொன்னால் ஒருவேளை கேட்பார். நம்பரைத் தனியாக அனுப்புங்கள்.

சிரியம் தாய்மாமன் | ஐந்து வாரம் கழித்து, சனி மாலை 4.10

பெரியவர் ஐயா அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். என்ன சொன்னார் என்று மாமியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் தூக்குச்சட்டியில் மொய்ங்கா எடுத்துக்கொண்டு வந்து தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார்.

மெழுகுக் கட்டையை இந்தியாவுக்கு அனுப்பியிருந்தோம். ரிசல்ட் வந்துவிட்டது. பீட்டா-கேட்டெனின் என்ற புரதம் நியூக்ளியஸில் ஏறியிருக்கிறது, வின்ட் வகை என்று போட்டிருக்கிறது. டாக்டர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். சயாமா, விளக்குங்கள்.

லேப் சயாமா | சனி மாலை 5.00

அண்ணே, லேபில் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். நான்கு வகையில் வைத்தியத்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது இதுதான். முறையாக வைத்தியம் செய்த பிள்ளைகளில் நூறில் தொண்ணூறுக்கு மேல் பிழைத்து வளர்கிறார்கள். காரணமும் பிறந்த இடத்தோடும் பிழையின் தன்மையோடும் சேர்ந்தது. மூளையின் ரத்தக்குழாய்களுக்குச் சாதாரணமாக ஒரு வேலி உண்டு, மருந்து உள்ளே போகாது. வின்ட் கட்டி தன்னிடம் வரும் ரத்தக்குழாயின் வேலியைத் தானே பிரித்துவிடுகிறது என்று 2016-இல் எலிகளில் காட்டினார்கள். கீமோ நேராக உள்ளே போய்விடும்.

ஆனாலும் கதிர்வீச்சைத் தவிர்க்க முடியாது. இந்தச் செல்கள் மூளையைச் சுற்றி ஓடும் நீரில் கலந்து முதுகுத்தண்டு வரை போகக்கூடியவை, அதனால் தலையோடு முதுகுக்கும் கொடுப்பார்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் மூளை வளர்ச்சி கெடும் என்று அதைத் தள்ளிப்போடப் பார்ப்பார்கள், இவளுக்கு ஒன்பது என்பது இந்த ஒரு விஷயத்தில் நல்லது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டால் காது கேட்கும் திறனை அடிக்கடி சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தம்பி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரிப்போர்ட்டில் சி.டி.என்.என்.பி.1 என்ற, பீட்டா-கேட்டெனினுக்கான மரபணுவில் பிழை என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது அந்தக் கட்டிக்குள் மட்டும் விழுந்த பிழை, தம்பிக்கு அதனால் பயமில்லை. அது இல்லாமல் வின்ட் என்று வந்தால் மட்டும் ஏ.பி.சி. என்ற மரபணுவை ரத்தத்தில் பார்ப்பார்கள். அது குடும்பத்தில் ஓடும், பெருங்குடலில் பாலிப் என்கிற சதை முளைகள் வரும்.

சிரியம் தாய்மாமன் | சனி இரவு 7.20

இருக்கிறது சயாமா. சி.டி.என்.என்.பி.1 என்றே போட்டிருக்கிறது. தங்கச்சியிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து, ஆனாலும் விரலை வைத்து அந்த வரியைத் தடவிப் பார்த்தாள்.

கதிர்வீச்சு செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது. முகத்துக்கு அளவெடுத்து மாஸ்க் செய்திருக்கிறார்கள். தோலில் எதுவும் பூசக் கூடாது என்று சொல்லியிருப்பதால் இன்றைக்கே கடைசியாக என்று தங்கச்சி தனக்கா அரைத்து எடுத்து வந்தாள். கன்னத்தில் வைக்கப் போனபோது பிள்ளை மெதுவாகக் கையைத் தள்ளிவிட்டு, “நா...னே” என்றாள். கிண்ணத்தில் விரலை விட்டு அம்மா கன்னத்தில் பூசினாள்.

பெகு அம்மா | சனி இரவு 7.25

பேசிட்டாளா!

சிரியம் தாய்மாமன் | சனி இரவு 7.31

பேசிட்டாக்கா. ஒரு வார்த்தைதான். இப்போது தூங்குகிறாள்.